ஒரு வாளித் தண்ணீரில் ‘பாய்மங்கள்’ பாடம்: படிப்படியாகச் செய்து காட்டும் முறை

ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் வரும் ‘பாய்மங்கள்’ பாடத்தைப் பென்னாகரம் வட்டாரத்து மாணவர்களுக்குப் பல ஆண்டுகளாகச் செய்துகாட்டி நடத்தி வருகிறேன். புதிதாகப் பணிக்கு வந்த ஆசிரியர்களும், மாலை வேளையில் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் கல்லூரி மாணவர்களும் இதே சோதனைகளைச் செய்தபோது உடன் இருந்திருக்கிறேன். அவர்கள் தடுமாறியதற்குப் பெரும்பாலும் வரிசையே காரணம். பாடநூல் உந்துவிசையிலும் அழுத்தத்திலும் தொடங்குகிறது. அடர்த்தி பின்னால் வருகிறது. நான் அடர்த்தியை முன்னுக்குக் கொண்டுவருகிறேன். திரவ அழுத்தத்தின் சூத்திரத்துக்குள்ளேயே அடர்த்தி இருப்பதால், அதைக் கையால் அளந்து பார்க்காத மாணவருக்கு அந்தச் சூத்திரம் வெறும் எழுத்துகளாகவே நிற்கும்.

மூன்று பாடவேளைகள் தேவைப்படும். இரண்டில் முடிக்க முயன்றால் மிதப்பு விசையை அவசரமாகச் சொல்லிவிட்டுப் போக நேரும். அதுதான் அதிக நேரம் கேட்கும் பகுதி.

1. முதல் நாள் மாலையே ஆயத்தம் செய்யுங்கள்

ஒரு கிராம் வேறுபாட்டையும் காட்டும் மின்னணுச் சமையல் தராசு, மி.லி. குறியிட்ட அளவுகுவளை, சுருள்வில் தராசு, ஒரு லிட்டர் நெகிழிப் புட்டிகள் நான்கு, ஊசி இல்லாத 5 மி.லி. மற்றும் 20 மி.லி. சிரிஞ்சுகள், புதிய சலைன் குழாய், கடலை எண்ணெய், தேன், தூள் உப்பு, அன்று வாங்கிய முட்டை, கைப்பிடி அளவுள்ள கிரானைட் சில்லு, நூல், களிமண், ஒரு செங்கல் ஆகியவை முதன்மையானவை; மற்றவற்றை அந்தந்தப் படியில் சொல்கிறேன். கிரானைட் சில்லு நம் பகுதியில் கல் அறுக்கும் பட்டறை எதன் ஓரத்திலும் கிடைக்கும். சிரிஞ்சையும் குழாயையும் மருந்துக்கடையில் புதிதாக வாங்குங்கள். ஒருவருக்குப் பயன்படுத்தியவற்றைப் பிள்ளைகள் கையில் கொடுக்கவே கூடாது. பாதரசமும் வகுப்புக்குள் வேண்டாம்; அதன் ஆவி நஞ்சு.

தண்ணீரை முதல் நாள் மாலையே வாளியில் பிடித்து மூடி வையுங்கள். குழாயிலிருந்து அப்போதுதான் பிடித்த நீரில் காற்று கரைந்திருக்கும். சிறிது நேரத்தில் அது நுண்ணிய குமிழிகளாக முட்டையின் மீதும் கல்லின் மீதும் ஒட்டிக்கொண்டு அவற்றை மேலே தூக்கும். மூழ்க வேண்டிய பொருள் பாதியில் நின்றுவிட, ஆசிரியர் காரணம் தெரியாமல் விழிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஆழ்துளைக் கிணற்று நீரைப் பயன்படுத்தினால், “ஃபுளோரைடு உள்ள தண்ணீர் கனமாக இருக்காதா?” என்று யாராவது ஒரு மாணவர் கேட்பார். அந்தச் சொல் தருமபுரி மாவட்டத்துப் பிள்ளைகளுக்குப் புதியதன்று. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்த காரணங்களுள் ஒன்று, இங்குள்ள நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்திருப்பது. குடிநீரில் ஃபுளோரைடுக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம், ஒரு லிட்டர் நீரின் நிறையோ பத்து லட்சம் மில்லிகிராம். உடலுக்குப் பெருந்தீங்கு செய்யும் அளவுகூடத் தராசின் முள்ளை அசைக்காது என்பதை இந்த இரண்டு எண்களை அருகருகே எழுதியே காட்டிவிடலாம்.

2. எது பாய்மம் என்பதை முதலில் தீர்த்துவிடுங்கள்

திரவம் மட்டுமே பாய்மம் என்று மாணவர்கள் நினைக்கிறார்கள். ‘வயலுக்கு நீர் பாய்ச்சுதல்’ என்ற நம் வழக்கே அந்த எண்ணத்துக்குத் துணைபோகிறது. எனவே ஒரு டம்ளரின் அடியில் காகிதத்தைக் கசக்கித் திணித்து, டம்ளரைக் கவிழ்த்து நேராக நீருக்குள் அமிழ்த்துங்கள். காகிதம் நனையாது. பின்பு டம்ளரைச் சற்றுச் சாய்த்தால் காற்று குமிழியாக வெளியேறும். காற்று இடத்தை அடைத்துக்கொள்வதையும், வழி கிடைத்தால் பாய்வதையும் ஒரே சோதனையில் காட்டிவிடலாம்.

அடுத்து வருவது கடினமான கேள்வி: “கேழ்வரகும்தான் கொட்டினால் ஓடுகிறது, அது பாய்மமா?” இதைத் தட்டிக் கழிக்காதீர்கள். ஒரு படி கேழ்வரகை முறத்தில் கொட்டச் சொல்லுங்கள். அது குவியலாக நிற்கும். பக்கங்களில் ஒரு சரிவு இருக்கும். தண்ணீரால் அப்படிச் சரிவாக நிற்க முடியாது. ஓய்வில் இருக்கும் பாய்மம் பக்கவாட்டில் வழுக்கித் தள்ளும் விசையைத் தாங்காது. விசை எவ்வளவு சிறியதாக இருந்தாலும் நகர்ந்துகொண்டே இருக்கும். தானியங்கள் ஒன்றோடொன்று உராய்ந்து அந்த விசையைத் தாங்கிக்கொள்கின்றன. ஓடுகிறதா என்று பார்ப்பதைவிடக் குவிந்து நிற்கிறதா என்று பார்ப்பதே சரியான சோதனை.

3. அடர்த்தியைச் சொல்லித்தருவதற்கு முன் அளக்கவிடுங்கள்

காலிக் குவளையைத் தராசில் வைத்து அதன் நிறையைக் குறிக்கச் சொல்லுங்கள். பிறகு 100 மி.லி. தண்ணீர், 100 மி.லி. கடலை எண்ணெய், 100 மி.லி. பால், 100 மி.லி. தேன் என ஒவ்வொன்றாக நிறுத்து, குவளையின் நிறையைக் கழிக்க வேண்டும். நீருக்கு ஏறத்தாழ 100 கிராமும், எண்ணெய்க்கு 91 கிராமும், பாலுக்கு 103 கிராமும், தேனுக்கு 140 கிராமை ஒட்டியும் வரும்.

தராசிலேயே பூச்சியமாக்கும் பொத்தான் இருந்தாலும் முதல் முறை அதை அழுத்த வேண்டாம். கழித்தலைத் தாமே செய்தவர்கள்தாம், பின்னர் எண்ணெய் ஒட்டிய குவளையை அப்படியே வைத்துவிட்டால் விடை ஏன் பிசகுகிறது என்பதைக் கண்டுபிடிக்கிறார்கள்.

அளவைப் படிப்பதில் எல்லோரும் செய்யும் பிழை ஒன்று உண்டு. குவளையைக் கையில் தூக்கிப் பிடித்து மேலிருந்து பார்க்கிறார்கள். குவளை மேசை மீது இருக்க வேண்டும். கண் நீர்மட்டத்துக்கு இறங்கி வர வேண்டும். வளைந்த பரப்பின் அடிப்பகுதியைப் படிக்க வேண்டும்.

அலகு மாற்றத்தை இங்கேயே முடித்துவிடுங்கள். ஒரு கன சென்டிமீட்டருக்கு 1 கிராம் என்பது ஒரு கன மீட்டருக்கு 1000 கிலோகிராம். ஒரு மீட்டர் நீளம், அகலம், உயரம் உள்ள தொட்டியில் ஆயிரம் லிட்டர் பிடிக்கும் என்பது வீடு கட்டியவர்களின் பிள்ளைகளுக்குத் தெரியும். அங்கிருந்து தொடங்கினால் பூச்சியங்கள் தொலையமாட்டா.

4. ‘கெட்டி’ என்ற சொல்லை இரண்டாகப் பிரியுங்கள்

இந்தப் பாடத்தின் மிகப் பெரிய குழப்பம் நம் மொழியிலேயே இருக்கிறது. கெட்டியான பால் என்கிறோம், கெட்டிக் குழம்பு என்கிறோம். மெதுவாக வழிவதையும் அந்தச் சொல்லாலேயே குறிக்கிறோம், இறுகிக் கனமாக இருப்பதையும் அந்தச் சொல்லாலேயே குறிக்கிறோம். அதனால் எண்ணெய் நீரைவிட அடர்த்தி மிகுந்தது என்று வகுப்பில் பாதிக்கு மேற்பட்டோர் உறுதியாகச் சொல்வார்கள்.

மூன்று திரவங்களும் இருந்தால் இந்தக் குழப்பத்தை ஐந்து நிமிடத்தில் தீர்க்கலாம். சாய்ந்த தட்டின் மீது தண்ணீர், எண்ணெய், தேன் ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு விட்டு எது முதலில் கீழே வருகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீர் முந்தும், எண்ணெய் பின்தங்கும், தேன் கடைசியாக வரும். பிறகு ஒரு கண்ணாடி டம்ளரில் தேன், தண்ணீர், எண்ணெய் என்ற வரிசையில் மெதுவாக ஓரமாக ஊற்றுங்கள். தேன் அடியிலும், நீர் நடுவிலும், எண்ணெய் மேலும் நிற்கும். மெதுவாக வழியும் எண்ணெய் மேலே மிதக்கிறது. அதைவிட மெதுவாக வழியும் தேன் அடியில் கிடக்கிறது. வழியும் வேகத்துக்கும் அடர்த்திக்கும் தொடர்பில்லை என்பதை மாணவர்களே சொல்லும்வரை காத்திருங்கள். வழிவதைத் தடுக்கும் பண்பின் பெயர் பாகுநிலை, மற்றது அடர்த்தி.

வரிசையை மாற்றித் தேனைக் கடைசியாக ஊற்றினால் அது நீரைத் துளைத்துக்கொண்டு இறங்கி ஓரளவு கரைந்துவிடும்; அடுக்கு தெளிவாகத் தெரியாது.

மாம்பழக்கூழையும் கேழ்வரகுக் கூழையும் இந்தச் சோதனைக்குக் கொண்டுவர வேண்டாம். கிருஷ்ணகிரிப் பக்கம் ஒருவர் அப்படிச் செய்து சிக்கிக்கொண்டார். கலக்கும் வேகத்துக்கு ஏற்ப அவற்றின் பாகுநிலை மாறும். முதல் நாளே அதற்கு விளக்கம் சொல்லப் புகுந்தால் அடிப்படை கைநழுவிவிடும்.

5. அழுத்தத்தைத் திடப்பொருளில் தொடங்குங்கள்

சலித்த மண்ணை ஒரு தட்டில் பரப்பி, செங்கல்லை முதலில் அகலப் பக்கமாகவும் பின்பு செங்குத்தாகவும் வையுங்கள். எடை ஒன்றே; ஆனால் நிறுத்தி வைத்தபோது குழி ஆழமாக விழுகிறது. 22 செ.மீ. நீளமும் 11 செ.மீ. அகலமும் 7 செ.மீ. உயரமும் உள்ள செங்கல்லானால், அகலப் பக்கம் 242 சதுர சென்டிமீட்டர். சிறிய பக்கம் 77. ஆகவே நிறுத்தி வைத்தால் அழுத்தம் மூன்று மடங்குக்குச் சற்று மேல். மாவில் செய்தால் தடம் அழகாகப் பதியும் என்று சிலர் சொல்வதுண்டு. உணவுப் பொருளைப் பிள்ளைகள் முன் வீணாக்குவதை நான் விரும்புவதில்லை.

விசை, பரப்பு, அழுத்தம் மூன்றுக்கும் அலகுகளை எழுதி முடித்த பிறகே திரவத்துக்குப் போக வேண்டும். விசைக்கும் அழுத்தத்துக்கும் உள்ள வேறுபாடு உறைக்காமல் திரவத்துக்குப் போனால், ‘பெரிய அணையில் அதிக நீர், ஆகவே அதிக அழுத்தம்’ என்ற தவறு கடைசிவரை உடன்வரும்.

6. மூன்று துளைப் புட்டி: மேசை மீது வைக்காதீர்கள்

புட்டியின் பக்கத்தில் மேலிருந்து கீழாக மூன்று துளைகள் இட்டு நீர் நிரப்பினால், கீழ்த்துளை நீர்தான் மிகத் தொலைவில் விழும் என்று பல படங்களில் வரைந்திருக்கிறது. அந்தப் படத்தை நம்பி மேசை மீது புட்டியை வைத்துச் செய்தால் நடுத்துளை நீர்தான் தொலைவில் விழும். முதல் ஆண்டில் எனக்கு இது நடந்தது. துளை சரியாகப் போடப்படவில்லை என்று சொல்லி மழுப்பினேன். அது பொய்யான விளக்கம். ஒரு மாணவி அதை ஏற்கவும் இல்லை. மறுநாள் கணக்கிட்டுப் பார்த்த பிறகு வகுப்பில் திருத்திச் சொன்னேன்.

காரணம் இதுதான். கீழ்த்துளையில் நீர் வேகமாகவே வெளிவருகிறது. ஆனால் மேசையைத் தொடுவதற்கு முன் விழுவதற்கு அதற்கு நேரமில்லை. நீர் விழும் தொலைவு, நீர்மட்டத்திலிருந்து துளையின் ஆழம், துளையிலிருந்து விழும் தளத்தின் ஆழம் ஆகிய இரண்டின் பெருக்கத்தைச் சார்ந்தது. அந்தப் பெருக்கத்தின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் தொலைவு கிடைக்கும். நீர் 20 செ.மீ. உயரம் நின்று, துளைகள் 5, 10, 15 செ.மீ. ஆழத்தில் இருந்தால், மேசை மட்டத்தில் நீர் விழும் தொலைவு முறையே சுமார் 17, 20, 17 செ.மீ. மேல்துளையும் கீழ்த்துளையும் ஒரே இடத்தில் விழுகின்றன!

ஆகவே புட்டியை உயரமான முக்காலியின் விளிம்பில் வைத்து, நீர் தரையில் விழும்படி செய்யுங்கள். தரை 60 செ.மீ. கீழே இருந்தால் அதே துளைகளுக்குக் கணக்கின்படி சுமார் 39, 53, 62 செ.மீ. வரும். உராய்வால் உண்மையில் சற்றுக் குறையும், வரிசை மாறாது. துளைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக இடாமல் சற்று விலக்கி இடுங்கள், இல்லையேல் தாரைகள் ஒன்றோடொன்று மோதும். ஆணியைச் சுடவைத்துத் துளையிட்டால் விளிம்பு ஒழுங்காக இருக்கும். அதை ஆசிரியரே செய்ய வேண்டும்.

கூர்மையான மாணவர்கள் இருந்தால் மேசை மீதும் ஒருமுறை செய்துகாட்டி, ஏன் மாறுகிறது என்று கேளுங்கள். ஒரு சோதனை எதை அளக்கிறது, எதை அளக்கவில்லை என்று சிந்திக்க இதைவிட நல்ல வாய்ப்பு இந்தப் பாடத்தில் இல்லை.

7. ஆழம் மட்டுமே என்பதை எண்ணோடு நிறுவுங்கள்

அகலமான புட்டி ஒன்றையும் ஒடுங்கிய புட்டி ஒன்றையும் அடிப்பகுதியில் சலைன் குழாயால் இணைத்து நீர் ஊற்றுங்கள். இரண்டிலும் மட்டம் ஒன்றாக நிற்கும். கொத்தனார்கள் நீர் நிரப்பிய நெகிழிக் குழாயை வைத்துச் சுவருக்கு மட்டம் பார்ப்பது இதே தத்துவத்தால்தான். குழாயில் காற்றுக்குமிழி இல்லையா என்று அவர்கள் முதலில் பார்ப்பதுபோல் நீங்களும் பாருங்கள். குமிழி ஒன்று மாட்டிக்கொண்டால் மட்டங்கள் வேறுபட்டு, பாடம் தலைகீழாகிவிடும்.

இப்போது சூத்திரத்தை எழுதலாம்: அழுத்தம் என்பது ஆழம், அடர்த்தி, புவியீர்ப்பு முடுக்கம் மூன்றின் பெருக்கம். நீரில் ஒவ்வொரு மீட்டர் ஆழத்துக்கும் 1 × 1000 × 9.8 = 9800 பாஸ்கல் (அழுத்தத்தின் அலகு) கூடுகிறது. கிருஷ்ணகிரி அணையின் முழு நீர்மட்டம் 52 அடி, அதாவது 15.85 மீட்டர். அணை நிரம்பியிருக்கும்போது அளவுகோலின் பூச்சியக் குறி இருக்கும் ஆழத்தில், காற்றழுத்தத்தைச் சேர்க்காமல், ஏறத்தாழ 1,55,000 பாஸ்கல் அழுத்தம் இருக்கும். 52 அடி நீர் நிற்கும் ஒரு குறுகிய கிணற்றின் அடியிலும் அதே அழுத்தம்தான். இந்த இடத்தில் வகுப்பில் எதிர்ப்பு எழும், எழட்டும். இரண்டு புட்டிகளையும் மறுபடி சுட்டிக்காட்டுங்கள். அகலமான புட்டியில் அழுத்தம் அதிகமென்றால் அது குறுகிய புட்டிக்குள் நீரைத் தள்ளி மட்டத்தை உயர்த்தியிருக்க வேண்டும்.

நாளிதழில் வரும் ‘நீர்மட்டம் 52 அடி, நீர்வரத்து விநாடிக்கு 500 கன அடி’ போன்ற வரிகளை மாணவர்கள் குழப்பிக்கொள்வார்கள். அடி என்பது உயரம். அழுத்தத்தைத் தீர்மானிப்பது அது. கன அடி என்பது கொள்ளளவு. ஒரு கன அடி ஏறத்தாழ 28.3 லிட்டர். 500 கன அடி என்றால் விநாடிக்குப் பதினான்காயிரம் லிட்டருக்கு மேல். இரண்டையும் ஒருமுறை பிரித்துக்காட்டினால் போதும்.

8. காற்றழுத்தம்: ‘உறிஞ்சுதல்’ என்ற எண்ணத்தை மாற்றுங்கள்

உறிஞ்சுகுழலில் நாம் நீரை இழுப்பதாகவே எல்லோரும் நினைக்கிறோம். புட்டியின் மூடியில் துளையிட்டு, குழலைச் செருகி, சுற்றிலும் மெழுகால் காற்றுப் புகாமல் அடைத்துவிடுங்கள். உறிஞ்சினால் சிறிதளவு ஏறி நின்றுவிடும். மூடியைத் தளர்த்தியதும் நீர் தாராளமாக வரும். வெளியிலுள்ள காற்று நீரை அழுத்தித் தள்ளுவதால்தான் அது குழலில் ஏறுகிறது; நாம் செய்வது குழலுக்குள் அழுத்தத்தைக் குறைப்பது மட்டுமே. ஒவ்வொருவருக்கும் தனிக் குழல் கொடுங்கள். அடைப்பில் சிறு ஓட்டை இருந்தாலும் சோதனை தோற்கும் என்பதால் முன்கூட்டியே ஒருமுறை உறிஞ்சிப் பாருங்கள்.

கடல்மட்டக் காற்றழுத்தம் 1,01,325 பாஸ்கல், அது 10.3 மீட்டர் நீரைத் தாங்கும். கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ள ஓசூரில் இது ஒன்பது மீட்டரை ஒட்டிக் குறைந்துவிடும். தரைமேல் வைத்த மோட்டார் எவ்வளவு திறனுள்ளதாக இருந்தாலும் அதற்குக் கீழே உள்ள நீரை உறிஞ்சி ஏற்ற முடியாது; நடைமுறையில் ஏழு மீட்டர் ஏறினாலே பெரிது. பல நூறு அடி ஆழத்துக்குப் போகும் நம் ஆழ்துளைக் கிணறுகளில் மோட்டாரை நீருக்குள்ளேயே இறக்கி, மேல்நோக்கித் தள்ளவிடுவதன் காரணத்தை இங்கே கேளுங்கள். விடை பிள்ளைகளிடமிருந்தே வரும்.

9. பாஸ்கல் விதிக்கு இரண்டு சிரிஞ்சுகள்

அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் குறையாமல் எல்லாத் திசைகளிலும் பரவும் என்பதே பாஸ்கல் விதி. முதலில் காற்று மட்டும் உள்ள சிரிஞ்சின் வாயை விரலால் அடைத்து அழுத்தச் சொல்லுங்கள், அமுங்கும். நீர் நிரப்பி அழுத்தச் சொல்லுங்கள், அசையாது. இந்த வேறுபாடு தெரிந்த பிறகே இரண்டு சிரிஞ்சுகளையும் குழாயால் இணைக்க வேண்டும். இணைப்பை நீருக்குள் வைத்தே செய்தால் காற்று புகாது.

சிறியதை ஒருவரும் பெரியதை ஒருவரும் அழுத்தட்டும். சிறியதை அழுத்துபவர் எளிதாக வெல்வார். எத்தனை மடங்கு என்று கேட்டால், 5 மி.லி.க்கும் 20 மி.லி.க்கும் நான்கு மடங்கு என்று உடனே பதில் வரும். தவறு. கொள்ளளவு இங்கே கணக்கில் இல்லை. உந்துதண்டின் பரப்பே கணக்கு. என்னிடம் உள்ளவற்றின் உள்விட்டம் 12 மி.மீ., 19 மி.மீ.; விட்டங்களின் விகிதத்தை வர்க்கப்படுத்தினால் இரண்டரை மடங்கு. சிறியதை 25 மி.மீ. தள்ளினால் பெரியது 10 மி.மீ. மட்டுமே நகரும் என்பதை அளவுகோல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். விசையில் கிடைத்தது தொலைவில் போய்விடுகிறது. டிப்பர் லாரியின் தொட்டி மெதுவாக எழுவதை அவர்கள் தினமும் பார்க்கிறார்கள்.

10. மிதப்பு விசை: தராசின் மீதே செய்யுங்கள்

நிரம்பிய பாத்திரத்தில் கல்லை அமிழ்த்தி, வழியும் நீரைப் பிடித்து எடைபோடும் முறை புத்தகங்களில் இருக்கிறது. வாயோரத்தில் நீர் வளைந்து நின்று சொட்டாமல் போவதால் அதில் பத்து கிராம் வரை எளிதில் பிசகும். நான் செய்யும் முறை வேறு.

அரைலிட்டர் நீருள்ள குவளையைத் தராசில் வைத்துப் பூச்சியமாக்குங்கள். 270 கிராம் கிரானைட் சில்லை நூலில் கட்டி, அடியைத் தொடாமல் நீருக்குள் முழுதும் இறக்குங்கள். இறக்குவதற்கு முன் தராசு என்ன காட்டும் என்று ஒவ்வொருவரும் எழுதித் தர வேண்டும். கல்லைக் கையால் பிடித்திருப்பதால் பூச்சியம் என்பார்கள் சிலர். 270 என்பார்கள் பலர். தராசு ஏறத்தாழ 100 காட்டும். நீர்மட்டமும் குவளையில் 100 மி.லி. உயர்ந்திருக்கும். அதே நேரத்தில் நூலைச் சுருள்வில் தராசில் மாட்டியிருந்தால் அது 170 காட்டும்.

நீர் கல்லை மேல்நோக்கித் தள்ளுகிறது; அதுவே மிதப்பு விசை. கல் அதே அளவு விசையால் நீரைக் கீழ்நோக்கித் தள்ளுகிறது. அந்த எதிர்விசையைத்தான் தராசு காட்டுகிறது. வெளியேற்றப்பட்ட 100 மி.லி. நீரின் எடைக்கு அது சமம். நூல் தளர்ந்து கல் அடியில் உட்கார்ந்துவிட்டால் எண் 270க்குத் தாவிவிடும்; எனவே நூலைப் பிடிப்பவரின் முழங்கை மேசையில் ஊன்றியிருக்கட்டும்.

கல்லை இன்னும் ஆழத்துக்கு இறக்கினால் என்னவாகும் என்று இப்போது கேளுங்கள். ஆழத்தில் அழுத்தம் கூடும் என்று ஏழாம் படியில் கற்றதால், மிதப்பு விசையும் கூடும் என்பார்கள். தராசு எண் மாறாது. கல்லின் மேற்பரப்பிலும் அடிப்பரப்பிலும் அழுத்தம் ஒரே அளவு கூடுகிறது. அவற்றின் வேறுபாடு அப்படியே இருக்கிறது. 5 செ.மீ. பக்கமுள்ள கனசதுரத்தை வைத்துக் கணக்கிட்டுக்காட்டுங்கள். அடிப்பரப்பு மேற்பரப்பைவிட 0.05 மீட்டர் ஆழத்தில் இருப்பதால் அழுத்த வேறுபாடு 490 பாஸ்கல். பரப்பு 0.0025 சதுர மீட்டர். பெருக்கினால் 1.225 நியூட்டன். அந்தக் கனசதுரம் வெளியேற்றும் 125 மி.லி. நீரின் எடையும் 1.225 நியூட்டன்தான். மிதப்பு விசை வெளியேற்றப்பட்ட நீரின் எடைக்குச் சமம் என்ற ஆர்க்கிமிடிஸ் தத்துவம் அழுத்தச் சூத்திரத்திலிருந்தே பிறப்பதை மாணவர்கள் காணும் இடம் இது. அடர்த்தி, அழுத்தம், மிதப்பு என்ற வரிசையை நான் விடாமல் பிடித்திருப்பது இந்தக் கணக்குக்காகத்தான்.

முட்டைச் சோதனையை இதற்குப் பின் வையுங்கள். அரைலிட்டர் நீரில் தூள் உப்பைச் சிறிது சிறிதாகக் கரைத்தால், 60 கிராமை ஒட்டி முட்டை எழும்பத் தொடங்கும். கல் உப்பு கரையத் தாமதமாகும். அதற்குள் பொறுமையிழந்து அளவுக்கு மேல் கொட்டிவிடுவார்கள். பழைய முட்டைக்குள் காற்றறை பெரிதாகியிருப்பதால் வெறும் நீரிலேயே மிதக்கக்கூடும். அதனால்தான் புதிய முட்டை என்று முதலிலேயே சொன்னேன். முட்டை எழும்பியதும் அந்த உப்புநீரில் 100 மி.லி. எடுத்து நிறுத்து அடர்த்தியைக் காணச் சொல்லுங்கள்; முட்டையின் அடர்த்தியும் ஏறத்தாழ அதுவே.

பால் சங்கத்தில் பாலின் அடர்த்தியை அளக்கும் பால்மானியைப் பார்த்த பிள்ளைகள் இருப்பார்கள். உறிஞ்சுகுழலின் ஒரு முனையைக் களிமண்ணால் அடைத்து நிமிர்ந்து மிதக்கவிட்டால் அதுவே சிறிய திரவமானி. பாலில் நீர் சேரச் சேர அது தாழ்ந்து இறங்கும். பாலின் கொழுப்பு நீரைவிட இலேசானது என்பதால் ஆடை எடுத்த பாலில் அது உயர்ந்து நிற்கும் என்பதையும் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அடர்த்தி கூடினால் தரம் கூடியது என்று முடிவுகட்டிவிடுவார்கள்.

11. பரிசல் கணக்கு

களிமண் உருண்டை மூழ்குகிறது. அதையே கிண்ணமாக்கினால் மிதக்கிறது. களிமண்ணின் நிறை மாறவில்லை, வெளியேற்றும் நீரின் அளவு மாறியிருக்கிறது. கிண்ணத்தின் சுவர் மெல்லியதாகவும் விளிம்பு ஒரே உயரமாகவும் இருக்க வேண்டும். ஒரு பக்கம் தாழ்ந்தால் நீர் புகுந்துவிடும்.

இங்கே ஒகேனக்கல் பரிசலை எடுத்துக்கொள்வேன். மூங்கிலால் பின்னியதால்தான் அது மிதக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அடியில் நீர் புகாத உறை இல்லாவிட்டால் மூங்கில் கூடை நான்கு பேரைத் தாங்காது. 2 மீட்டர் விட்டமும் தட்டையான அடியும் உள்ள பரிசல் என்று வைத்துக்கொள்வோம். அடிப்பரப்பு 3.14 சதுர மீட்டர். அது ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக அமிழ்ந்தால் 31.4 லிட்டர் நீரை வெளியேற்றும். அதாவது சுமார் 31 கிலோ சுமையைத் தாங்கும். 62 கிலோ எடையுள்ள ஒருவர் ஏறினால் பரிசல் இரண்டு சென்டிமீட்டர் இறங்கும். உண்மைப் பரிசலின் அடி வளைந்திருப்பதால் எண் சற்று மாறும். தம் வீட்டில் உள்ளவர்களின் எடைகளைக் கூட்டி, எத்தனை சென்டிமீட்டர் இறங்கும் என்று ஒவ்வொரு மாணவரும் கணக்கிடட்டும். பரிசல் ஓட்டி ஆட்களை எதிரெதிராக உட்காரவைப்பது ஏன், விளிம்பு வரை இறங்கும் அளவுக்கு ஏற்றக்கூடாதது ஏன் என்ற கேள்விகள் தாமாக எழும்.

12. பரப்பு இழுவிசையை வேறொரு நாளில், கடைசியாகச் செய்யுங்கள்

எட்டாம் வகுப்பிலேயே வரும் பகுதி என்றாலும் இதை நினைவூட்டுவது நல்லது. ஆனால் மிதப்பு விசை நடத்தும் நாளில் ஊசியை நீரின் மேல் மிதக்கவிடாதீர்கள். எஃகு ஊசி மிதப்பதைப் பார்த்ததும், அன்று கற்ற அடர்த்தி விதி பொய்யோ என்ற ஐயம் வந்துவிடும். ஊசி நீருக்குள் மிதக்கவில்லை. நீரின் பரப்பு அதைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. விரலால் அழுத்தினால் அது மூழ்கி, பிறகு எழாது. உண்மையில் மிதக்கும் மரத்துண்டை அழுத்தினால் மறுபடி மேலே வரும். இரண்டையும் அடுத்தடுத்துச் செய்துகாட்டுங்கள்.

ஊசியை மெல்லிய காகிதத் துண்டின் மேல் கிடத்தி நீரில் விட்டால், காகிதம் நனைந்து இறங்கிய பின் ஊசி மட்டும் நிற்கும். பிறகு ஒரு சொட்டு ஷாம்பு விட்டால் ஊசி உடனே மூழ்கும். நம் பகுதிக் கிணற்று நீர் பெரும்பாலும் கடினநீர் என்பதால் சோப்புக்கட்டி திரிந்து வெள்ளைப் படலமாகி, விளைவைத் தாமதப்படுத்தும். ஷாம்பு அப்படித் திரியாது.

சோப்பும் ஷாம்பும் பட்ட குவளையை எத்தனை முறை அலசினாலும் சிறிது ஒட்டியிருக்கும். அடுத்த வகுப்பில் அதே குவளையில் ஊசி மிதக்காது. அதற்கென ஒரு குவளையை ஒதுக்கிப் பெயர் எழுதி, மற்ற பொருள்களிலிருந்து தனியாக வையுங்கள்.